குதிரையின் பின்பாதி

குதிரை வேஷத்தில் பின்பாதிக்குத்தான் வேலை அதிகம். முன்பாதிக்காரர் நிமிர்ந்து நடக்கலாம், தலையை ஆட்டலாம், வாய் ஓட்டை வழியாக வெளியே பார்க்கலாம். பின்பாதிக்காரன் குனிந்து, முன்னால் இருப்பவரின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் கால் போகிற இடத்துக்கெல்லாம் போக வேண்டும். இரண்டரை வருடம் அதைச் செய்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எங்கும் இருந்ததில்லை. இதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

என் பெயர் வெங்கட்ராமன். இந்த வளைகுடா ஊரில், தேரா பகுதியில், ஒரு ஹோட்டலில் விசா, பாஸ்போர்ட் வேலைகளைப் பார்க்கும் கிளார்க். முன்பாதி ஸ்டூரே ஏக்வால். சுவீடன்காரர், வயது அறுபத்தொன்று. அவரைப் பற்றிக் கேட்டீர்கள். கோத்தன்பர்க் துறைமுகத்தில் மீன்பெட்டி தூக்கிக்கொண்டே பாடத் தொடங்கியவர். பிறகு இசை நாடகம், டெலிவிஷனில் துப்பறிவாளர், குழந்தைகள் படத்தில் பனிமானுக்குக் குரல். ஒரு கோடைக்கால நாடகத்தில் பாதிரியாராகவும் அவர் மனைவியாகவும் இவரே நடித்து, தனக்குத்தானே சண்டை போட்டு, கோபித்துக்கொண்டு வெளியேறினாராம். பாலாடைக்கட்டி விளம்பரம் ஒன்றில் பாலாடைக்கட்டியாகவே வந்திருக்கிறார். ஊரில் வாய்ப்பு குறைந்தபோது, 1993 தொடக்கத்தில், மூன்று மாத ஒப்பந்தத்தில் இங்கே வந்தார். அப்படியே தங்கிவிட்டார்.

பின்பாதியாக இருந்த பிலிப்பினோ பையன் வேலையை விட்டுப் போன அன்று நான் ஏதோ படிவத்தில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். ஸ்டூரே என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்கள் எப்போதுமே குனிந்துதான் நடக்கிறீர்கள். பயிற்சியே தேவைப்படாது” என்றார்.

எங்கள் கஃபீலுக்கு, அதாவது விசா கொடுத்த அரபு முதலாளிக்கு, ஹோட்டலும் உண்டு, கட்டடக் கம்பெனியும் உண்டு. அதனால் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும், கம்பெனியின் அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் எங்கள் நிகழ்ச்சி நடக்கும். எண்ணூறு பேர் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அருள்ராஜ் என்ற கொத்தனார் முன்வரிசையை விட்டு நகர மாட்டார்.

“யோவ் வெங்கட்டு, வாங்குற சம்பளத்துக்கு வால ஆட்டுய்யா!”

“குதிரைக்கு ஓவர்டைம் உண்டாடா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஸ்பீக்கர், டேப் எல்லாம் பார்க்கும் சோலையப்பன் மைக்கிலேயே பதில் சொல்வார்: “குதிரைக்கு உண்டு மாப்ள. உனக்குத்தான் மாஃபி, ஒண்ணும் கிடையாது!”

உள்ளேயிருந்து ஸ்டூரே, தனக்குத் தெரிந்த மொத்தத் தமிழையும் ஓர் அரபு வார்த்தையையும் கொண்டு கத்துவார்: “மச்சான், யல்லா!” கேம்பே அதிரும். கராமாவில் நான் போகும் மெஸ்ஸில் பாயசம் இரண்டாம் தடவை கேட்காமலே வந்தது. லிஃப்டில் பிள்ளைகள் “ஹார்ஸ் அங்கிள்” என்றார்கள். அதற்கு முன் பதினோரு வருடம் என்னைக் கவுன்டர் கண்ணாடி வழியாக மட்டுமே மனிதர்கள் பார்த்திருந்தார்கள்.

தொண்ணூற்றாறு மார்ச்சில் ஸ்டூரே ஊருக்குப் போக விண்ணப்பம் கொடுத்தார். இதயத்தில் ஒரு வால்வு பழுது. ஏப்ரல் இரண்டாம் தேதி கோத்தன்பர்க்கில் ஆபரேஷன். அதற்குப் பிறகு மகளோடு இருந்துவிடுவேன், திரும்பி வர மாட்டேன் என்றார். ஊழியர்களின் பாஸ்போர்ட் எல்லாம் அலுவலக லாக்கரில்தான் இருக்கும், உங்களுக்குத் தெரியும். சாவி என்னிடம். திறந்து எடுத்து, கையெழுத்து வாங்கிக் கொடுக்க ஐந்து நிமிடம். பாஸ்போர்ட் இமிக்ரேஷனில் இருக்கிறது, புக்ரா, நாளை வாருங்கள் என்றேன் நான்.

நம் ஆட்களிடம் இது இரண்டு தடவைக்கு மேல் செல்லாது. மூன்றாவது புக்ராவுக்கு கஃபீல் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஸ்டூரே அப்படியில்லை. அவர் ஊரில் அலுவலகக்காரர் நாளை என்று சொன்னால் நாளைதான். காலை ஒன்பது மணிக்குத் தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு என் கவுன்டருக்கு வருவார். பதினேழு நாள் வந்தார். பதினேழு நாளும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இருபதாம் தேதி கோத்தன்பர்க் டாக்டரிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. நோய் முற்றிவிட்டது, உடனே அனுப்புங்கள், அதுவரை மேடை ஏறவே கூடாது என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எனக்கு முழுதும் புரிந்தது. இரண்டு துளை போட்டு ஃபைலில் வைத்தேன். கிழித்துப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் இரங்கல் கூட்டத்துக்குப் போட்டோ தேடிய சோலையப்பன் கண்ணில் அது பட்டது.

மார்ச் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை. இந்த ஒரு நிகழ்ச்சி முடியட்டும், நாளை பாஸ்போர்ட் உங்கள் கையில் என்றேன். அவர் சிரித்தார். குதிரைக்குள் நுழையும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது.

பாட்டின் மூன்றாம் சரணத்தில் பெல்ட் கனத்தது. அவர் முழங்கால் மடங்கியது. குதிரை முன்னால் சாய்ந்தது.

“குதிரைக்கு மப்பு ஏறிருச்சுடோய்!” என்றார் அருள்ராஜ்.

எண்ணூறு பேர் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை இரண்டரை வருடத்தில் நான் கேட்டதில்லை. ஜிப் என் வலது கைக்கு அருகில்தான் இருந்தது. இழுத்துத் திறந்திருக்கலாம். ஆனால் பாட்டில் இன்னும் இரண்டு சரணம் பாக்கி. பெல்ட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து அவரை மேடையைச் சுற்றி நடத்தினேன். அவர் கால்கள் இழுபட்டன. அதற்கு ஈடாக நான் என் காலை உதறினேன், வாலை ஆட்டினேன். அவருடைய ஷூ ஒன்று கழன்று விழுந்தது. யாரோ அதை எடுத்துத் திருப்பி எறிந்தார்கள், அதற்கும் விசில். முழுதாக இரண்டு சுற்று. முதல் சுற்றில் அவர் உயிரோடு இருந்திருக்கலாம் என்று உடலைப் பரிசோதித்த டாக்டர் சொல்கிறார். இருந்தார். “வெங்கட்” என்று ஒரு தடவை கூப்பிட்டார்.

நான் அவருக்கு ஒரு கெடுதலும் நினைத்ததில்லை, சார். மறுநாள் காலை முதல் வேலையாக லாக்கரைத் திறந்தேன். விசா ரத்து, மரணச் சான்று, தூதரகக் கடிதம், கார்கோ புக்கிங் என்று நானே ஓடினேன். வேறு ஆளாக இருந்தால் பத்து நாள் இழுத்திருக்கும், நான் மூன்றே நாளில் முடித்தேன். ஏப்ரல் இரண்டாம் தேதி காலை அவர் கோத்தன்பர்க்கில் இறங்கிவிட்டார். அவர் கேட்டிருந்த தேதி அதுதான். ஒரு நாள்கூட நான் தாமதம் செய்யவில்லை.