கோயில் புத்தகத்தில் சாகாதவர்

1963-ல், ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது.

“மாதா கோயில் பொஸ்தகத்துல நம்ம நைனா இன்னும் சாவலம்மா” என்றார் அண்ணன்.

“இன்னாண்ணே சொல்ற? எம்டன் கப்பல் குண்டு போட்டதுக்கு அடுத்த வருசம் கட்டுமரத்தோட கடல்ல காணாம போன மனுசனாச்சே!”

“எம்பொண்ணு கல்யாணத்துக்கு, மாப்ள நெருங்குன சொந்தமான்னு பாக்க சாமியார் பழைய பொஸ்தகமெல்லாம் எடுத்தாரு. நைனா ஞானஸ்நானம் கீது, கல்யாணம் கீது. சாவு இல்ல. ஒடம்பு கெடைச்சு அடக்கம் பண்ணாத்தான் எய்துவாங்களாம்.”

“அம்மாவும் அத்தத்தானே சொல்லிகினு இருந்துச்சு? ‘அடக்கம் பண்ணாத மனுசன் எப்டி செத்தவரு’ன்னு கேக்குமே. ஊரே ஏசியும் கடைசிவரைக்கும் தாலிய கயட்டலியே.”

“ஆமா.”

“அம்மா சாவு எய்திகீதா?”

“கீது. விதவைன்னு எய்திகீது.”

“யாரு அப்டி சொன்னது?”

பஸ் திருவொற்றியூரைத் தாண்டியது.

“நான்தான். அம்மா அடக்கத்தன்னிக்கு கோயில்ல கேட்டாங்க, சொல்ட்டேன்.”