ஒத்துக்கொள்ளாத ஊசி

எங்கள் ஊரில் என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குக் கடைவாய்ப் பல் கிடையாது. சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு காப்பியை உறிஞ்சிக் குடித்து வளர்ந்தவர்கள். நீங்கள் வெறும் காப்பியே குடியுங்கள், ஆறிவிடும்.

என்ஸியோ கார்ப்பினெனின் சிகிச்சை அட்டையைப் பற்றித்தானே விசாரிக்க வந்திருக்கிறீர்கள். 'மரத்துப்போகும் ஊசி எதுவும் ஒத்துக்கொள்ளாது. உயிருக்கு ஆபத்து.' சிவப்பு மையில் அதை எழுதியது நான்தான். நான் ஓய்வு பெற்றதும் வந்த புதுப் பல் டாக்டர் அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிச் சோதிக்க வைத்தாள். அவர் உடம்புக்கு எல்லா ஊசியும் ஒத்துக்கொள்கிறது. கெட்டிக்காரப் பெண்.

என் கணவர் டவுனோ மரம் வெட்டப் போன இடத்தில் முதுகில் அடிபட்டவர். நான்கு வருஷம் வலியோடு கிடந்துவிட்டு, ஒரு நவம்பரில் ஏரிக்குள் நடந்துபோய்விட்டார். அடக்கம் முடிந்து வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய மேஸ்திரியாக இருந்த என்ஸியோ ஏலக்காய் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "வலி யாருக்குத்தான் இல்ல? ஆம்பளைன்னா தாங்கிக்கணும்."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவருடைய கோப்பையையும் நிரப்பிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

அடுத்த வசந்தத்தில் பல்வலி என்று என்னிடமே வந்தார். ஊசி போட்டதும் அவருக்கு நெஞ்சு படபடத்தது, வியர்த்தது, முகம் வெளுத்தது. பாதி பயம், பாதி மருந்திலேயே இருக்கிற சங்கதி. பத்து நிமிஷம் படுக்க வைத்தால் சரியாகிவிடும். இது பல் டாக்டர் யாருக்கும் தெரியும்.

"ஹில்க்கா, இந்த மருந்து எனக்கு ஒத்துக்கலையா?" என்று அவராகவே கேட்டார். நான் ஆமாம் என்றேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம். ஆறு பல் அடைத்தேன், இரண்டுக்கு வேர் சிகிச்சை செய்தேன், ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன், எல்லாம் ஊசி இல்லாமல். ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துச் செய்யலாம் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அவர்தான் மறுத்தார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்காலியின் கைப்பிடித் தோல் கிழிந்து இரண்டு முறை மாற்றினோம். மனிதர் வாயிலிருந்து ஒரு முனகல் வந்ததில்லை. சவுனா நீராவிக் குளியலில் ஆண்களோடு உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லியே ஊரில் பெரிய வீரராகிவிட்டார். அந்தப் பெயரையும் நான்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், பாருங்கள்.

போன ஈஸ்டருக்குப் பேத்தியைக் கூட்டிவந்தார். ஒன்பது வயது. கீழ்ப் பல்லில் ஆழமான சொத்தை. நான் ஊசியை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் ஹில்க்கா. எங்க ரத்தமாச்சே, இவளுக்கும் ஒத்துக்காது. தாங்கிக்குவா."

ஒத்துக்கொள்ளும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டேன்.

குழந்தைதானே, அழுதது. தாத்தா, தாத்தா என்று கூப்பிட்டது. அவர் அதன் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய தாடை ஆடத் தொடங்கியது. அந்தத் தாடை எனக்குப் பழக்கம், ஆடி ஒரு நாளும் பார்த்ததில்லை.

"நிறுத்து ஹில்க்கா. என்னால தாங்க முடியல."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பத்தொன்பது வருஷம் காத்திருந்தேன். குழந்தைக்கு நான் கெடுதல் நினைக்கவே இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பல்லைத் துளைக்கிற மெஷின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். மெஷினை ஓட்டுகிற மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.