எல்விராவுக்கு வாங்கிய புது டயர்

வளைவில் பைக் சரியாகத் திரும்பவில்லை என்றால் எல்லோரும் ஓட்டுபவரைத்தான் குறை சொல்வார்கள். நான் முதலில் டயரைப் பார்ப்பேன். இருபத்தாறு வருடமாக இந்த எஸ்கேல் ஊரில் டயர்க் கடை வைத்திருக்கிறேன் ஐயா. எழுதிக்கொள்ளுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கத்துச் சாலைகள் உங்களுக்கே தெரியும். ஏரிப்பக்கத்து மலையை விட்டால், நாள் முழுக்க ஓட்டினாலும் நேராகவே போகும். அதனால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். அப்படிப்பட்ட டயரோடு வளைவுக்குப் போனால் பைக் முதலில் சாய மறுக்கும், பிறகு சட்டென்று விழுகிற மாதிரி சாயும்.

என் மனைவி எல்விரா அவளுடைய அப்பாவின் நிலத்தை விற்று ஒரு பெரிய பைக் வாங்கினாள். பழையதுதான். இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடி, தூரப் பயணத்துக்கென்றே செய்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிப்பக்கம் கிளம்புவாள். முதல் மலை வளைவு வந்ததும் பயந்து திரும்பிவிடுவாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பாள். இரண்டு கோடை இப்படியே போயிற்று. டயர்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். அவள் கேட்டபோதெல்லாம், "டயர்ல ஒண்ணும் இல்ல, உன் கைதான் இன்னும் பழகல" என்று சொன்னேன். பொய் என்று சொல்ல முடியாது. கையும் பழகவில்லைதான்.

போன டிசம்பரில் மெந்தோசாவிலிருந்து கிராசியேலா என்று ஒருத்தி பஞ்சர் ஒட்ட வந்தாள். பைக்கில் தனியாகத் தெற்கே போகிறவள். எல்விராவின் பைக்கைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தாள்.

"இது யாரு ஓட்டுறது?"

"நான்தான்" என்றாள் எல்விரா.

"டயர்க்காரன் பொண்டாட்டி ஓட்டுற டயரா இது? பொட்டி மாதிரி சதுரமா தேஞ்சு கெடக்கு! இதுல வளைவுக்குப் போனா எனக்கே ஈரக்குலை நடுங்கும். உன் மேல தப்பே இல்லம்மா."

எல்விரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு வருஷமா என் கைதான் சரியில்லன்னு சொன்னியே, கிழவா."

"கவனிக்கல" என்றேன்.

அன்று சாப்பிடும்போது, ஜனவரியில் தெற்குக் கோடியில் இருக்கிற உசுவாயா வரை போகப்போவதாகச் சொன்னாள்.

"எப்ப வருவ?"

"தெரியல."

"வருவியா?"

ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டே, "பாக்கலாம்" என்றாள். சண்டை ஒன்றும் இல்லை. நாங்கள் சண்டை போடுகிறவர்கள் இல்லை.

மறுநாள் என் சிநேகிதன் ஒனோரியோ வழக்கம்போல மாத்தேத் தேநீர் குடிக்கக் கடைக்கு வந்தான். "என்னடா, வீட்டுக்காரி கெளம்புறாளாமே? இனிமே அந்தப் பழைய டயரைத்தான் கட்டிப் புடிச்சிட்டுத் தூங்கணும் போல" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

நல்ல டயர் வாங்கிக் கொடுக்க முடிவு செய்தேன். புவனோஸ் ஐரஸிலிருந்து வரவழைத்தேன். நடுவில் கெட்டி ரப்பர், ஓரங்களில் மென்மையானது. நேரே ஓடினால் தேயாது, சாய்ந்தால் பிடித்துக்கொள்ளும். அதைவிட நல்லது இந்த நாட்டில் கிடைக்காது, விசாரித்துப் பாருங்கள். நானே மாட்டினேன், காற்றும் அளந்து வைத்தேன். சதுக்கத்தை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தவளின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"பூ மாதிரி திரும்புது, கிழவா!" என்று என் நெற்றியில் முத்தமிட்டாள்.

கிளம்பும் நாள் காலையில் அவள் உள்ளே பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டயரின் பக்கவாட்டில் பளபளப்புக்காக ஒரு எண்ணெய் பூசுவோம். அதை, பைக் சாயும்போது தரையில் படுகிற ஓரங்களிலும் பூசினேன். நடுவில் ஒரு துளிகூடப் படவில்லை. ஊருக்குள் ஏதாவது ஆனால் குழந்தைகள் நடமாடுகிற இடம், பாவம். பிறகு, ஏரிச்சாலை வழியாகப் போனால் காட்சி நன்றாக இருக்கும் என்று அவளிடம் சொன்னேன்.

"அந்த மொத மலை வளைவுல பிரேக் போடாத. டயரை நம்பு" என்றேன்.

"நம்புறேன்" என்றாள்.

ஒன்பதரைக்கு ஒரு லாரிக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் போனபோது அவர் மேலே சாலையில் நின்று ஆம்புலன்ஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சரிவில், பாறைகளுக்கு நடுவே, பைக்குக்கு அடியில் கிடந்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே காலாகவே இல்லை. நினைவு இருந்தது. நான் சட்டைப்பையிலிருந்து துணியை எடுத்து முதலில் டயரைத் துடைத்தேன். இரண்டு ஓரமும், பொறுமையாக. பிறகுதான் பைக்கைத் தூக்கினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலியில் அப்படிப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மருத்துவமனையில் அந்தக் காலை எடுத்துவிட்டார்கள். இந்தப் பத்து மாதமும் நான்தான் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், தலை வாரிவிட்டேன். ஊரே சொல்லும். "உன்ன மாதிரி ஒரு புருஷன் யாருக்குக் கெடைப்பான்" என்று ஒனோரியோ கண் கலங்கினான். அவள் அதிகம் பேசமாட்டாள். ஊன்றுகோல்களை அலமாரிக்கு மேலே வைத்தேன். விழுந்துவிடுவாள் அல்லவா? தொலைபேசியையும் அவளிடமிருந்து எடுத்துவிட்டேன். யார் யாரோ கூப்பிட்டு அவளைக் களைப்பாக்கினார்கள். மெந்தோசாக்காரி மட்டும் நாலு முறை கூப்பிட்டாள்.

எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு நான் வரும்போது அவள் வீட்டில் இருந்தாள்.

நான் கடையில் இருக்கும் நேரங்களில் துடைப்பக் கட்டையை ஊன்றிக்கொண்டு சமையலறைக்கும் படுக்கைக்குமாக அவள் நடந்து பழகியிருக்கிறாள் என்பதே இன்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தத் துணியைப் பற்றியும் சொல்லிவிட்டாள் என்கிறீர்கள். சரி, மறைக்க ஒன்றும் இல்லை. எண்ணெய் பூசியது நான்தான். வளைவைச் சொன்னதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. வீட்டிலிருந்து இந்தக் காவல் நிலையம் பதினொரு தெரு. வெளியே இவ்வளவு காற்று, அவளுக்கு ஒரு கால். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வண்டியில் கொண்டுவந்து விட்டிருப்பேனே. சீக்கிரம் முடியுங்கள் ஐயா, அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும்.