மாமன் செஞ்ச நடைவண்டி

முத்தாள்: சிரிங்க. எங்கண்ணன் வந்துருச்சு. மூக்காயி வீட்டு வாசல்ல நின்னு என்னமோ விசாரிச்சுட்டு இங்கிட்டுத்தான் வருது.

நாகராசு: சிரிச்சுக்கிட்டுத்தானடி இருக்கேன்.

முத்தாள்: இதுக்குப் பேரு சிரிப்பா? பல்லுவலி வந்தவன் மாதிரி... இங்க பாருங்க, வண்டியப் பத்தி அண்ணன் கேட்டா நான் பேசிக்கிறேன். நீங்க வாயத் தொறக்கக் கூடாது.

நாகராசு: எங்கிட்டயே கேட்டா?

முத்தாள்: இருமுங்க.

நாகராசு: ஒம் அண்ணன் சாயங்கால பஸ்ஸுக்குத்தான் போவாரு. அது வரைக்குமா?

முத்தாள்: ச்சூ... வாண்ணே! வா வா! இந்த வெயில்ல நடந்தா வந்த?

நல்லதம்பி: இருக்கட்டும் தாயி. என்ன மாப்ள, சௌக்கியமா?

நாகராசு: வாங்க மச்சா... லொக்கு, லொக்கு...

நல்லதம்பி: என்ன இந்த இருமு இருமுறாரு?

முத்தாள்: சளிண்ணே. நீ ஒக்காரு. ரயில்வே வேலையெல்லாம் எப்படி? பாலத்துக்குப் பெயிண்டு அடிச்சு முடிஞ்சுச்சா?

நல்லதம்பி: பாலம் கெடக்கு. எம் மருமக எங்க?

முத்தாள்: பிரகதா தூங்குறா.

நல்லதம்பி: இந்நேரத்துலயா? வயிறு வலிக்குதுன்னு அழுதாளா?

முத்தாள்: ஐய, அதெல்லாம் இல்ல. கஞ்சி குடிச்சா, படுத்துட்டா.

நல்லதம்பி: சரி... வண்டி எங்க?

முத்தாள்: எந்த வண்டி?

நல்லதம்பி: ஏன், ஒங்க வீட்டுல காரு கீரு நிக்குதா? நான் செஞ்சு குடுத்த நடைவண்டி. செவப்பு வண்டி.

முத்தாள்: அதுவா... எதுத்த வீட்டு ராசாத்தி எரவல் கேட்டா. குடுத்தேன்.

நல்லதம்பி: ராசாத்திக்கா? அவகிட்டக் கைப்பிள்ளை இருக்கே!

முத்தாள்: பின்ன? கெழவனுக்கா நடைவண்டி எரவல் கேப்பாக?

நல்லதம்பி: எந்திரி. இப்பவே போயி வாங்கிட்டு வருவோம்.

முத்தாள்: இல்லண்ணே... அவ அப்பவே திருப்பிக் குடுத்துட்டா. சக்கரம் ஒடஞ்சு போச்சுன்னு கருப்பையா ஆசாரிகிட்டப் போயிருக்கு. ஏங்க?

நாகராசு: லொக்கு... ஆமா.

நல்லதம்பி: பாலத்துக்கு அடிக்கிற ஆணி போட்ட சக்கரம். ஆனை ஏறுனாலும் ஒடையாதே!

முத்தாள்: ஆனை ஏறல. இவுகதான் ஏறிட்டாக.

நாகராசு: நானா?

முத்தாள்: இருமுங்க!

நல்லதம்பி: நடைவண்டியில நீங்க எதுக்கு மாப்ள ஏறுனீங்க?

நாகராசு: அது... பரண்ல கோழி முட்டையிட்டுச்சு... எட்டல...

நல்லதம்பி: ஆசாரி வீட்டுலயும் பேரன் தவழுதே. நானே போயி எடுத்தாந்துர்றேன்.

முத்தாள்: அங்கிட்டுப் போகாத! ஆசாரி கந்தர்வக்கோட்டைக்குப் போயிருக்காரு. வீடு பூட்டிக் கெடக்கு. நீ மொதல்ல கொல்லைப்பக்கம் போயி காலக் கழுவு. சோறு போடுறேன்.

நல்லதம்பி: கழுவிட்டு வாரேன். ஆனா வண்டியக் கண்ணுல பாக்காம நான் பஸ் ஏறமாட்டேன்.

நாகராசு: போயிட்டாரா?

முத்தாள்: மெதுவாப் பேசுங்க. கொல்லையிலதான் நிக்குது.

நாகராசு: ஏண்டி, உள்ளதச் சொல்லிப்புடுவோமே. அன்னவாசல் ஆபீசு கிராமசேவிகா ஆரோக்கியம்மாள் வந்தாங்க. பாலத்துக்கு அடிக்கிற அந்தச் செவப்புப் பெயிண்டுல ஈயம் இருக்கு, பல்லு மொளைக்கிற பிள்ளை அதச் சொரண்டித் திங்கப் போயித்தான் வயித்த முறுக்குது, வெளிக்கும் போக மாட்டேங்குதுன்னாங்க. வண்டியக் குடுத்துட்டோம். இதுல என்ன குத்தம்?

முத்தாள்: சொல்லுவீங்க. வேலை முடிஞ்சு வந்து, விளக்கு வெளிச்சத்துல ஒக்காந்து எழைச்சது அந்த வண்டி. சித்தன்னவாசல் குகையிலகூட இப்படிச் செவப்பு இல்லைன்னு தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு. தங்கச்சி மகளுக்குத் தன் கையாலயே வெசம் வச்சுட்டோம்னு தெரிஞ்சா அது தாங்குமா?

நாகராசு: அதுக்கு என்னை எதுக்குடி நடைவண்டியில ஏத்துன?

முத்தாள்: வேற ஒண்ணும் தோணல. இந்தத் தெருவுல எத்தனை வீட்டுக்கு அண்ணன் ஆசையா அந்தப் பெயிண்ட அடிச்சுக் குடுத்துச்சு... எல்லாத்தையும் அந்தம்மா ஜீப்புல ஏத்தி அனுப்பிட்டோம். அண்ணன் காதுல இது விழவே கூடாதுன்னு மாதர் சங்கத்துல பேசி வச்சிருக்கோம். நீங்க கெடுத்துப்புடாதீங்க... வருது. இருமுங்க.

நல்லதம்பி: கொல்லையிலயும் இல்ல.

முத்தாள்: கால் கழுவப் போனியா, வீட்டச் சோதனை போடப் போனியா?

நல்லதம்பி: வரும்போது மூக்காயியக் கேட்டேன். நான் பெயிண்டு அடிச்ச தொட்டிலக் கரையான் அரிச்சிருச்சாம். ராக்கனக் கேட்டேன். மரக்குதிரைய மாடு மிதிச்சிருச்சாம். இங்க மாப்ள ஏறி வண்டி ஒடஞ்சிருச்சு. நான் செஞ்சது மட்டும் எப்படித் தாயி இப்படித் தேடித் தேடி நாசமாப் போகுது?

நாகராசு: மச்சான்... நான் சொல்றேன்.

முத்தாள்: இருமு...

நாகராசு: இருமி இருமித் தொண்டை கிழிஞ்சு போச்சுடி! மச்சான், ஆசாரிகிட்டயும் இல்ல, எங்கயும் இல்ல. ஒடஞ்ச வண்டி எதுக்குன்னு வெறகாப் பொளந்து அடுப்புல வச்சுட்டேன்.

நல்லதம்பி: அடுப்புலயா?

நாகராசு: வெந்நி போட. கோவிச்சுக்காதீங்க...

நல்லதம்பி: அடப் பாவி மனுசா! பிள்ளை பக்கத்துல இருந்துச்சா? அந்தப் பெயிண்டுப் புகை ஆகாதுய்யா! சாம்பல எங்க கொட்டுனீங்க? முத்தாளு, அந்தச் சாம்பலப் போட்டுப் பாத்திரம் வெளக்குனியா? பிள்ளையத் தூக்கு! புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போவோம், எந்திரி!

முத்தாள்: அண்ணே! அண்ணே, இரு! எரிக்கல. இந்த மனுசனுக்கு ஒழுங்காப் பொய் சொல்லவும் வராது. வண்டிய ஆரோக்கியம்மாகிட்டக் குடுத்துட்டோம். ஜீப்புல போயிருச்சு.

நல்லதம்பி: நெசமாவா?

முத்தாள்: பிள்ளை மேல சத்தியமா.

நல்லதம்பி: அம்மாடி...

முத்தாள்: அண்ணே... ஏன் அப்படியே தரையில ஒக்காந்துட்ட? அழுகுறியா?

நல்லதம்பி: இல்ல. கொஞ்சம் தண்ணி குடு.

முத்தாள்: பிரகதாவப் பெரியாஸ்பத்திரியில காட்டியாச்சுண்ணே. வலி நின்னுருச்சு. வர்ற வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. ஒனக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சுருவியேன்னுதான்... ஆமா, புகை ஆகாதுன்னு ஒனக்கு யாரு சொன்னது?

நல்லதம்பி: ரயில்வே டாக்டரு. எங்க கேங்குல ஆளுகளுக்கு வயித்தப் புடிச்சு முறுக்குச்சு. பெயிண்டுக் கையோட சோறு திங்காதீங்கடா, உள்ள இருக்கறது ஈயம்னாரு. பச்சப்பிள்ளைக வாயில பட்டா என்ன ஆகும் சார்னு கேட்டேன். புத்தியே மந்தமாப் போகும்னாரு. அன்னைக்குப் படுத்தவன்தான், கண்ண மூட முடியல.

நாகராசு: நேரா இங்க வந்து சொல்ல வேண்டியதுதான மச்சான்?

நல்லதம்பி: எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாப்ள சொல்றது?

முத்தாள்: நல்ல வேளை, ஆரோக்கியம்மா தானா வந்தாங்க. அந்தம்மாவுக்கு எப்படித்தான் தெரிஞ்சுச்சோ... மூக்காயி வீட்டுல தொட்டில், ராக்கன் வீட்டுல குதிரை, நம்ம வீட்டுல நடைவண்டின்னு கூடவே இருந்து பாத்த மாதிரி கேட்டு வாங்குனாங்க!

நல்லதம்பி: தானா வரல தாயி. எல்லாத்தையும் வாங்கிட்டாங்களான்னு பாக்கத்தான் இன்னைக்கு வந்தேன். அன்னவாசல் ஆபீசு வாசல்ல காத்துக் கெடந்து, வீடு வீடா அடையாளம் சொல்லி, எம் பேர மட்டும் சொல்லிறாதீங்கம்மான்னு கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வச்சதே நான்தான்.