கொழுந்து மாடியில் ஏற்றப்பட்ட தண்ணீர்த் தாங்கி

பெயர்: மாடசாமி பிரஷாந்தினி. வயது: 38. தொழில்: தொழில்நுட்ப உத்தியோகத்தர், தனியார் கட்டட நிறுவனம். முகவரி: கோயில் வீதி, பசறை.

நான் மேற்படி முகவரியில் கணவருடனும் மகளுடனும் வசித்து வருகிறேன். எல்ல நகருக்கு மேலே மூடிக்கிடந்த பழைய தேயிலை ஆலையை, தோட்டத்து ஆட்கள் ஸ்டோர் என்று சொல்லும் அந்தக் கட்டடத்தை, உல்லாச விடுதியாக மாற்றும் வேலையை எங்கள் நிறுவனம் கொந்தராத்து எடுத்திருக்கிறது. குழாய் வேலை, இரும்பு வேலை செய்பவர்கள் தாங்கள் செய்யப்போவதை முதலில் வரைந்து எங்களிடம் தருவார்கள். அதை இடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியென்றால் எங்கள் முத்திரையை வைத்து, அதன் பிறகே கொழும்பிலுள்ள கட்டடக் கலைஞரின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். அப்படிச் சரிபார்ப்பது என் பொறுப்பு.

அந்த ஸ்டோர் எனக்குப் புதிய இடமல்ல. காலஞ்சென்ற என் தகப்பனார் அங்கே மேல்மாடியில் கொழுந்து வாட்டும் வேலை செய்தவர். மழைக்காலத்தில் பாடசாலை விட்டதும் நான் லயத்து வீட்டுக்குப் போகாமல் நேரே அந்த மாடிக்குப் போவேன். கொழுந்தை வாட்டும் விசிறியிலிருந்து வரும் சூட்டுக் காற்றில் நனைந்த சீருடை காய்ந்துவிடும். "ஓரமா நில்லு புள்ள, கொழுந்த மிதிச்சிராத" என்று அப்பா சொல்லிக்கொண்டே தன் துவாயால் என் தலையைத் துவட்டுவார். காலுக்குக் கீழே பலகை வெதுவெதுப்பாக இருக்கும். விடுதி வேலை தொடங்கியபோது அந்த இடத்துக்கு என்னை அனுப்பும்படி நானே நிறுவனத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

குழாய் வேலையைச் செய்தவர் பதுளையைச் சேர்ந்த முன்ஸிப். அவர் தந்த வரைபடத்தில் மேல்மாடியில் கொங்கிறீட் தளத்தின் மீது தண்ணீர்த் தாங்கி வைப்பதாக இருந்தது. அங்கே கொங்கிறீட் தளம் இல்லை, பலகைதான். அவரையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறிக் காட்டினேன். கொழுந்தின் பாரம் மாடி முழுவதும் பரவி நிற்கும், தாங்கியின் பாரம் ஒரே இடத்தில் நிற்கும் என்று சொன்னேன். "எனக்குத் தந்த பிளான்ல கொங்கிறீட்டுன்னுதான் இருந்திச்சு மிஸ். இரும்பு உத்தரம் போட்டுத் திருப்பி வரைஞ்சு தாறேன்" என்றார். நான் முத்திரை வைக்காமல் வரைபடத்தைத் திருப்பிவிட்டேன்.

அதன் பிறகு, வேலைத்தள முகாமையாளர் ஜெயகுமார் என்னை அழைத்து, திறப்பு விழா நெருங்கிவிட்டதென்றும் இரும்பு வரும்வரை காத்திருக்க முடியாதென்றும் சொன்னார். "இதயெல்லாம் ஆர்க்கிடெக்ட் பாத்துக்குவாருங்க. நீங்க சீலக் குத்தி அனுப்புங்க" என்றார். "அவரு கொழும்புல இருந்து படத்தத்தான் பாப்பாருங்க சார். பலகைய நம்மதான் பாக்கணும்" என்று சொல்லி மறுத்தேன். அதன் பிறகு அவரே முத்திரை வைத்துப் பழைய வரைபடத்தை அனுப்பியிருக்கிறார். நாங்கள் இடத்தைப் பார்த்துவிட்டோம் என்று நம்பிக் கட்டடக் கலைஞரும் அதை ஏற்றிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பின்னரே தெரியவந்தது.

சம்பவம் நடந்த அன்று காலை, மகளின் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்காக எடுத்த லீவு முடிந்து வேலைக்குப் போனேன். ஸ்டோர் வாசலிலேயே மேலே தாங்கிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. உள்ளே ஓடி, படியடியிலிருந்து மேலே தாங்கியருகே முன்ஸிப் நிற்பதைக் கண்டு, "முன்ஸிப், எறங்குங்க, கீழ எறங்குங்க" என்று சத்தமிட்டேன். அவர் படிப்பக்கம் திரும்பியதைக் கண்டேன். அப்போது பலகைகள் முறிந்து, தாங்கியும் அவரும் கீழே முன்பு கொழுந்து அரைத்த அறைக்குள் விழுந்தார்கள். பலகை இடுக்குகளில் அத்தனை வருடமும் கிடந்த தேயிலைத் தூள் மழைபோலக் கொட்டியது. தண்ணீர் பட்டதும் என் தகப்பனாரின் சட்டை வாசம் எழுந்தது. நான் முன்ஸிப்பின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அம்புலன்ஸ் வரும்வரை அங்கேயே இருந்தேன்.

அன்று பின்னேரம் ஜெயகுமார் தொலைபேசியில், "ரெண்டு பேருமா பாத்துத்தான் அனுப்பினோம்னு சொல்லிருங்க, எனக்கும் புள்ளக்குட்டி இருக்குங்க" என்று அழுதார். அவர் எனக்கு வேலை பழக்கியவர். ஆனாலும் அப்படிச் சொல்ல முடியாதென்று சொன்னேன்.

அடுத்த நாள் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். முன்ஸிப்பின் இடது காலில் சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. நடப்பார், ஆனால் ஏணி ஏற முடியாது என்று அவர் மனைவி ரஹ்மத்தும்மா சொன்னார். பாதுகாப்பில்லை என்று தெரிந்தும் ஏன் ஏற்றினீர்கள் என்று முன்ஸிப்பிடம் கேட்டேன். "நீங்க திரும்பப் பாத்துச் சரி சொன்னதா ஜெயகுமார் சேர் சொன்னாரு மிஸ். நீங்க சொன்னதுன்னுதான் ஏறினேன்" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ரஹ்மத்தும்மா எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்.

வேறு ஏதும் சொல்ல வேண்டுமா என்று என்னிடம் கேட்கப்பட்டது. முன்ஸிப்பின் தம்பி ஹுமைத் நேற்று இரும்பு உத்தரத்தோடு புதிய வரைபடம் கொண்டுவந்து தந்தார். அண்ணன் கட்டிலில் படுத்தபடி சொல்லச் சொல்ல வரைந்ததாகச் சொன்னார். உத்தரம் ஊன்றும் சுவரைப் பார்க்காமல் நான் முத்திரை வைக்க மாட்டேன். ஸ்டோர் தற்போது பொலிஸாரால் பூட்டப்பட்டிருப்பதால், ஓர் உத்தியோகத்தர் கூட வந்தாலும் சரி, ஒருமுறை மேலே ஏறிப் பார்க்க எனக்கு அனுமதி தரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதில் எழுதியவை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே இருக்கின்றன, அனைத்தும் உண்மை, கூட்டவோ குறைக்கவோ ஏதுமில்லை என ஏற்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) மா. பிரஷாந்தினி