அத்தை கழுவிய சுவர்

என் பெயரை முதல் தாளில் எழுதிவிட்டார்கள். வயது நாற்பத்தொன்று. தொழில் தையல். கழிமுகத்தை ஒட்டிய தெருவில் கடைசி வீடு எங்களுடையது, சொந்த வீடு. அதில் என் கணவரோடும் மாமியாரோடும் குடியிருக்கிறேன். கணவர் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறார், உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், சங்கு ஊதிய பிறகுதான் வெளியே விடுவார்கள். விசாரணைக்குக் கூப்பிட்டதால் காலையில் இந்த நிலையத்துக்கு வந்தேன், மதியத்துக்கு மேல்தான் எழுத உட்கார்ந்தார்கள். யாரும் மிரட்டவில்லை. டீ கொடுத்தார்கள். மாமியாரைத் தனியே விட்டு வந்திருக்கிறேன், சீக்கிரம் எழுதிக்கொள்ளுங்கள் என்று ஏற்கெனவே கேட்டுவிட்டேன். வரிசையாகச் சொன்னால்தான் எழுத முடியும் என்று எழுதுகிற காவலர் சொல்கிறார். வரிசையாகவே சொல்கிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் ஊருக்குப் புதிய வெள்ள அபாய வரைபடம் வந்தது. பழைய படத்தில் எங்கள் தெரு ஆபத்தில்லாத பக்கம் இருந்தது, புதியதில் நீலத்துக்குள் போய்விட்டது. இத்தனை வருடம் வராத தண்ணீர் படம் போட்டதும் வந்துவிடுமா என்று கணவர் சிரித்தார். வீட்டுக்குத்தான் காப்பீடு இருக்கிறதே என்றும் சொன்னார். அது தீக்கும் புயல் காற்றுக்கும் கூரை வழியாக இறங்கும் மழைக்கும்தான், தரையிலிருந்து ஏறி வரும் வெள்ளத்துக்கு அதில் இடமில்லை என்று ஏஜென்ட் விளக்கினார். அதன் பிறகு நான் ஒற்றைக்காலில் நின்று வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுத்தேன். பணம் கட்டினாலும் ஒரு மாதம் கழித்துத்தான் அது செல்லுபடியாகும் என்பதால், வானம் வெளுத்துக் கிடந்தபோதே எடுத்தேன். அதற்காக என் கணவர் எனக்கு வெள்ளக்காரி என்று பெயர் வைத்தார், தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. எனக்கு எரிச்சல்தான், ஆனாலும் விட்டுவிட்டேன். ஏஜென்ட் கிளம்பும்போது, "தண்ணி வடிஞ்சதும் செவுத்துல சேத்துக் கோடு நிக்கும். நாங்க வந்து பாக்குற வரைக்கும் யாரும் அதுல கை வைக்காதீங்க. அதுதான் உங்க சாட்சி" என்று சொன்னார். இதை என் மாமியாரும் பக்கத்தில் நின்று கேட்டார். தலையும் ஆட்டினார்.

அதன் பிறகு இந்த மாதம் புயல் வந்தது. கடல் ஏறியிருந்த பகல் நேரம், ஆற்றுத் தண்ணீர் வடிய வழியில்லாமல் தெருவுக்குள் திரும்பியது. எங்கள் வீட்டுத் தரை தெருவைவிட உயரம், அதனால் படியோடு நின்றுவிடும் என்று இருந்தோம். நிற்கவில்லை. துணி வெட்டும் மேசை மேல் நாற்காலியைப் போட்டு மாமியாரை உட்கார வைத்தேன். நான் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், என் பாவாடை நாடா வரைக்கும் தண்ணீர் வந்து நின்றது. தையல் மெஷின்கள் முழுகின. போன் கை நழுவி அதிலேயே போயிற்று. கூரையில் ஓடுகள் சில பறந்தன. என் மாமியார் நாற்காலியில் இருந்தபடி, செருப்பு மிதந்து போகிறது, அதைப் பிடி என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

தண்ணீர் வடிந்த பிறகு எல்லா அறையிலும் கோடு இருந்தது, நான் பார்த்தேன். போன் இல்லாததால் காப்பீட்டுக் கம்பெனிக்கு நேரில் நடந்து போய்ச் சொன்னேன், மறுநாள் சர்வேயர் வருவார் என்றார்கள். திரும்பி வந்து மாமியாரிடம், நாளைக்குக் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார் என்று சொன்னேன். அது நான் செய்த முதல் தப்பு. அதன் பிறகு குடிதண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கப் போனேன். குடத்தோடு திரும்பியபோது பிளீச்சிங் பவுடர் வாடை தெருமுனைக்கே வந்தது. என் மாமியார் எழுபது வயதில் ஒற்றை ஆளாக வீடு முழுக்கச் சுவரைத் தேய்த்துக் கழுவியிருந்தார். ஏன் அத்தை என்று கேட்டேன். "வெளியாள் வர்ற வீடு. சேறும் சகதியுமா கெடந்தா உன்னைத்தானே தப்பா பேசுவாங்க?" என்றார். அவர் உள்ளங்கை இரண்டும் கொப்புளித்திருந்தன. அந்தக் கையைப் பார்த்த பிறகு எப்படித் திட்டுவது? குடத்தை இறக்கி வைத்துவிட்டு அழுதேன். இதையும் எழுதிக்கொள்ளலாம்.

அவர் அசந்து படுத்த பிறகு கொல்லையில் இருந்து சேறு எடுத்துக் குழைத்து, கோட்டை நானே திரும்பப் போட்டேன். இதை நான் மறுக்கவில்லை. இல்லாத கோட்டைப் போடவில்லை, இருந்ததைத்தான் போட்டேன். என் இடுப்பிலிருந்து தரை வரை எவ்வளவு என்பது எனக்குத் தெரிந்த அளவு. அந்த அளவை டேப்பில் பிடித்து, ஒவ்வொரு சுவரிலும் தரையிலிருந்து மேலே அளந்து சாக்பீஸால் புள்ளி வைத்தேன், அதன் பிறகு சேற்றைத் தடவினேன். எங்கள் தொழிலில் பாவாடையின் கீழ்விளிம்பை அப்படித்தான் குறிப்போம், சுற்றிலும் தரையிலிருந்து ஒரே உயரம். வேறு மாதிரி அளக்க என் கைக்குத் தெரியாது.

மறுநாள் சர்வேயர் வந்தார். வாடை பிடித்துப் பார்த்தார். அதன் பிறகு பையிலிருந்து, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தார். "உங்க தரை பின்பக்கமா சரியுதும்மா, தண்ணி விட்டுக் கழுவுறதுக்காக. கோடும் கூடவே சரியுது. தண்ணி அப்படி நிக்காது" என்றார். அப்போது என் மாமியார் டீயோடு வந்து, "நேத்தே சுத்தமா கழுவிட்டேனே தம்பி, மறுபடி எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

அதன் பிறகு கம்பெனி என் மேல் மோசடிப் புகார் கொடுத்தது. வெள்ளம் படியைத் தாண்டவே இல்லை, ஓடு பறந்து மழையில் நனைந்த பொருளுக்கு வெள்ளம் என்று கணக்குக் காட்டுகிறேன் என்பது அவர்கள் கட்சி. காப்பீடு வராவிட்டால் மின்கம்பிகளை மாற்ற முடியாது, மெஷின் வாங்க முடியாது, அடுத்த மழைக்கு அந்த வீட்டில் இருக்கவும் முடியாது. அதோடு திருடி என்ற பெயரும் வேறு. வெள்ளக்காரி என்று கூப்பிட்டபோது பட்ட எரிச்சலெல்லாம் ஒன்றுமே இல்லை.

இன்று காலை கிளம்பும்போது, விசாரிக்கப் போலீசும் வீட்டுக்கு வரலாம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர், "எம் புள்ள சாயந்தரம் வேலை முடிஞ்சு வரட்டும். பீரோவ நகத்திட்டு அதுக்குப் பின்னாடியும் கழுவிடுறேன். அங்கதான் இன்னும் சேறு ஒட்டிக்கிட்டிருக்கு" என்றார். எனக்கு இருந்த கோபத்தில் காதில் வாங்காமல் நடந்து வந்துவிட்டேன். வரிசையாகச் சொல்லச் சொன்னதால் சொல்லி வந்து, இப்போது இதைச் சொல்லும்போதுதான் எனக்கு உறைக்கிறது. அது பின் அறையில் இருக்கும் இரும்பு பீரோ, அவர் ஒருவரால் அசைக்க முடியாது. அன்றைக்கு அதன் பின்னால் அவர் கழுவவில்லை, நானும் சேறு தடவவில்லை. அசல் கோடு அங்கே இருக்கிறது. தரை தாழ்ந்த பக்கம் என்பதால் நான் போட்ட கோட்டைவிட அது உயரமாகத்தான் இருக்க வேண்டும், ரசமட்டத்தை வைத்துப் பார்க்கட்டும். நான் கூட்டிக் காட்டவில்லை, குறைத்துத்தான் காட்டியிருக்கிறேன்.

இந்த இடத்தில் எழுதுவதைச் சற்று நிறுத்தச் சொன்னேன். ஐஸ் கம்பெனியின் சாயந்தரச் சங்கு ஊதியது இங்கே எல்லோருக்கும் கேட்டது. என் கணவர் அம்மா சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார், சட்டையைக்கூடக் கழற்றாமல் பீரோவைப் பிடித்து நகர்த்துவார். அங்கிருந்து வீட்டுக்கு சைக்கிளில் கொஞ்ச தூரம்தான், சைக்கிளில் ஏறிவிட்டால் போன் அடித்தாலும் எடுக்க மாட்டார்.

வாக்குமூலத்தை முழுவதும் படித்துக் காட்டுவதாகச் சொன்னார்கள். படிக்க வேண்டாம், சொன்னதெல்லாம் உண்மை, எங்கே கையெழுத்து என்று கேட்டு நின்றபடியே போட்டுவிட்டேன். ஜீப் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கிறேன், இதையும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

(ஒப்பம்)