கனகாம்பாள் சயாமா ‘செல்லாது’ என்று எழுதிய தாள்

தலைவர் விநாயகமூர்த்தி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, இன்சீனிலிருந்தும் போட்டாதாங்கிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே! நாம் பர்மிய வழக்கில் ‘சயாமா’, அதாவது ஆசிரியை, என்றே அழைத்த டாக்டர் கனகாம்பாளின் இந்த அஞ்சலிக் கூட்டத்தில் அவரைப் போற்றிப் பேச அழைத்தீர்கள். அவர் ஆய்வகத்தில் பதினெட்டு ஆண்டுகள் எலிகளைப் பராமரித்த ராஜரத்தினம் நான். இன்று எனக்குக் கண்ணீரைவிட அருவருப்புதான் அதிகம் வருகிறது.

எதை ஆராய்ந்தார் சயாமா? வயிற்றில் வளரும் சிசுவின் மூளையை மின்காந்தப் புலம் பாதிக்குமா என்று ஆராய்ந்தார். சினை எலிகளைக் கம்பிச்சுருளுக்குள் வைத்து மின்சாரம் செலுத்தினோம். குட்டிகளின் மூளையில் வித்தியாசம் தெரிந்தது. நான் துள்ளிக் குதித்தேன். சயாமாவோ கரண்ட் போய்வந்த நேரக் குறிப்பைக் கேட்டார். யாங்கோனில் கரண்ட் போகாத நாள் உண்டா? பாதி நாள் சுருளில் மின்சாரமே இல்லை! விசிறி நின்று அந்த அறை எலிகள் வெந்துகிடந்தன. சுருளில் வைக்காத எலிகளின் அறைக்கு மட்டும் ஜெனரேட்டர் இருந்தது.

“இது சுருளால வந்ததா, வெக்கையால வந்ததா? எனக்குத் தெரியல ராஜரத்தினம். தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுத மாட்டேன்” என்றார். ஒவ்வொரு தாளிலும் ‘செல்லாது’ என்று தம் கையால் எழுதினார். ஓராண்டு உழைப்பு! வேறு யார் செய்வார்?

அந்தத் தாள்களில் ஒன்றைத்தான் ஒரு வியாபாரி அச்சடித்தான். ‘செல்லாது’ என்ற சொல்லை அழித்தான், சயாமாவின் படத்தைப் போட்டான், ‘கதிர் தடுக்கும் வயிற்றுத் துணி’ என்று விற்றான். எங்கே விற்றான்? நம் வளைகாப்புகளில்! நாமும் வளையலோடு சேர்த்துக் கட்டிவிட்டோம். ச்சீ!

எட்டு மாதக் கர்ப்பிணி ராதாவுக்கும் கட்டினோம். போனின் கதிர் பிள்ளையின் மூளையைக் கெடுக்கும் என்ற அவன் நோட்டீஸைப் படித்துப் பயந்து, வீட்டிலிருந்த ஒரே போனை அணைத்துப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். அவளுக்கு உதிரம் கொட்டியபோது சாவி மாமியாரிடம், மாமியார் சந்தையில். பிள்ளை பிழைக்கவில்லை. பார்க்கப்போன சயாமாவிடம், “ஒங்க படம் போட்ட துணிதானே கட்டினேன் சயாமா?” என்று கேட்டாள் அவள். அதன்பிறகு சயாமா சரியாகச் சாப்பிடவே இல்லை. மூன்றே மாதத்தில் மாரடைப்பு.

அந்த வியாபாரி அனுப்பிய மலர்வளையம் வாசலில் நிற்கிறது. ஆனால் சபையோரே, அவனிடம் அந்தத் தாளைக் கொடுத்தது யார்? நான்தான்! சயாமாவின் பெருமை ஊருக்குத் தெரியட்டும் என்று கொடுத்தேன். அவர் கண்மூடும்வரை அதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. எனக்கு அதிக அருவருப்பு என்மேல்தான்.

சயாமாவின் பணியைத் தொடர்வேன் என்று சொல்ல எனக்குத் தகுதி உண்டா? தெரியவில்லை. ஆனாலும் நாளை காலை இன்சீனில் தொடங்கி வீடுவீடாகப் போவேன். துணியைக் கழற்றுங்கள், போனைக் கையருகில் வையுங்கள், மாதப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள் என்று சொல்வேன். முதலில் போவது ராதாவின் வீட்டுக்கு. அவள் கதவைச் சாத்தினாலும், தாளைக் கொடுத்தவன் நான்தான் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவேன்.